ஜாக்கெட்டா, கால் பட்டையா, ஸ்டிக்கரா? டெல்டா சாலையில் சைக்கிள் ஓட்டுபவர் எதை வாங்கலாம்

ஐப்பசி பிறந்து பொழுது சீக்கிரம் சாயத் தொடங்கியதும் ஒரே கேள்வி பல வாய்களிலிருந்து வருகிறது. டியூஷன் முடிந்து இருட்டில் திரும்பும் மகள் பின்னால் வரும் வண்டிக்காரர் கண்ணில் பட, சாலைப் பணியாளர்கள் அணியும் அந்த மஞ்சள்பச்சை ஜாக்கெட்டை வாங்கித் தரலாமா? விடியுமுன் பால் ஊற்றப் போகும் அப்பாவுக்கு எது சரிப்படும்? ஞாயிறுதோறும் கல்லணை வரை போய்வரும் நண்பர்கள் விலை கூடிய ஜெர்சி எடுக்க வேண்டுமா, ஹார்டுவேர் கடையில் தொங்குவதே போதுமா? கேட்கிற மூவரும் ஒரே பொருளைத் தேடுவதாக நினைக்கிறார்கள். ஆனால் அவர்கள் சாலையில் இருக்கும் நேரம் வேறு, கேரியரில் ஏற்றுவது வேறு, பின்னால் வரும் வண்டியும் வேறு.

என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டெல்டாவில் அன்றாடத் தேவைக்காகச் சைக்கிள் ஓட்டுபவர்களில் பெரும்பாலோருக்கு ஜாக்கெட் முதல் செலவாக இருக்கக் கூடாது. பின்பக்கச் சிவப்பு விளக்கு முதலில், ஹெட்லைட் பட்டால் மினுங்கும் கணுக்கால் பட்டையும் ரேடியம் ஸ்டிக்கரும் அடுத்து, ஜாக்கெட் அதற்குப் பிறகு. விதிவிலக்குகள் உண்டு. அவற்றை அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

## எதை வைத்து எடைபோடுவது

எந்த நேரத்தில் ஓட்டுகிறீர்கள்? கடையில் ஒரே ஜாக்கெட்டில் இரண்டு பொருள்களைச் சேர்த்துத் தைத்து விற்கிறார்கள். கண்ணைப் பறிக்கும் மஞ்சள்பச்சைத் துணி ஒன்று. அதன் மேல் ஓடும் சாம்பல் நிறப் பட்டை மற்றொன்று. இரண்டும் வேலை செய்யும் விதமே வேறு. ஃப்ளோரசன்ட் சாயம் ஏறிய துணி, வெயிலில் உள்ள கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர்களை வாங்கிக் கண்ணுக்குத் தெரியும் ஒளியாக மாற்றித் தருகிறது. அதனால்தான் மேகமூட்டத்திலும் கருக்கலிலும் மற்ற நிறங்கள் மங்கும்போது அது மட்டும் தானே ஒளிர்வதுபோல் தெரிகிறது. சூரியன் மறைந்த பின் அந்தக் கதிர்கள் இல்லை. வண்டிகளின் ஹெட்லைட்டில் இருப்பது அற்பம். ஆகவே இரவில் அது வெறும் வெளிர்நிறத் துணிதான்.

சாம்பல் பட்டையின் கதை நேர் எதிர். அதில் நுண்ணிய கண்ணாடி மணிகள் பதிந்திருக்கும். சில வகைகளில் தேன்கூடு போன்ற கட்டங்கள் இருக்கும். ஒளி எந்தத் திசையிலிருந்து வந்ததோ அதே திசைக்கு அது திருப்பி அனுப்பும். பகலில் அதனால் பயனில்லை. இரவில் ஹெட்லைட் பட்டால் பளிச்சென்று எரியும், படாவிட்டால் ஒன்றுமில்லை. விளக்கே இல்லாமல் வரும் டிராக்டருக்கும் எதிரே வரும் இன்னொரு சைக்கிளுக்கும் உங்கள் பட்டை தெரியாது.

தஞ்சாவூர்ப் பக்கம் மார்கழியில் ஆறு மணியை ஒட்டியே சூரியன் மறைந்துவிடும். ஆனி மாதத்தில் ஆறரை தாண்டியும் வெளிச்சம் இருக்கும். அதே டியூஷன், அதே ஆறரை மணி. ஆனால் ஆறு மாத இடைவெளியில் தேவைப்படும் பொருள் மாறிவிடுகிறது.

எவ்வளவு தூரத்தில் தெரிய வேண்டும்? மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒரு நொடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடக்கிறது. ஓட்டுநர் பார்த்து, புரிந்து, பிரேக்கில் கால் வைக்க ஒன்றரை நொடி என்றால் 25 மீட்டர் போய்விட்டது. காய்ந்த சாலையில் நிற்க இன்னும் 20 மீட்டர். மொத்தம் 45. வேகம் 80 என்றால் இது 70 மீட்டரை நெருங்கும்; மழைச் சாலையில் அதற்கும் மேல். தாழ்த்திய ஹெட்லைட் ஓரளவு நன்றாகக் காட்டுவது சுமார் 50 மீட்டர் வரைதான். நாகப்பட்டினம் நெடுஞ்சாலையில் கருப்புச் சட்டையோடு போகிறவரைப் பார்த்தபின் நிறுத்த ஓட்டுநருக்கு இடமே இருக்காது.

பின்னால் வருபவருக்கு உங்களில் எது தெரிகிறது? ஜாக்கெட் வாங்குகிறவர்கள் கேட்க மறக்கும் கேள்வி இதுதான். உங்கள் முதுகு தெரிகிறதா? கேரியரில் புல்லுக்கட்டு இருந்தால் தெரியாது. வைக்கோல், நாற்றுமுடி, மீன் பெட்டி, பின்னால் உட்காரும் மனைவி, இரு தோளிலும் மாட்டிய புத்தகப் பை, எல்லாமே முதுகை மறைக்கும்.

சுற்றிலும் என்ன நிறம்? கார்த்திகை, மார்கழியில் சாலையின் இருபுறமும் சம்பாப் பச்சை. அதன் நடுவே மஞ்சள்பச்சையைவிட ஆரஞ்சு எடுப்பாகத் தெரியும். அறுவடை முடிந்து வயல் வெறும் அரிதாளாகக் கிடக்கும்போது நிலைமை தலைகீழ். கருக்கலில் இன்னொரு கணக்கும் சேர்கிறது: வெளிச்சம் குறையக் குறைய நம் கண்ணுக்குச் சிவப்புச் சாயல்கள் முதலில் மங்கும், பச்சைச் சாயல்கள் நிற்கும். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் மஞ்சள்பச்சை. பட்டப்பகலில் மட்டும் நீண்ட தூரம் ஓட்டுகிறவருக்கு ஆரஞ்சு.

அன்றாடம் அணிவீர்களா? சித்திரை வெயிலில் பாலியஸ்டர் ஜாக்கெட்டைத் தினமும் போடுகிறவர் அபூர்வம். ஆணியில் தொங்கும் ஜாக்கெட் யாரையும் காப்பாற்றாது. விலை, துவைப்பு, கூச்சம் எல்லாம் கடைசியில் இந்தக் கேள்வியில்தான் வந்து முட்டுகின்றன.

## ஹார்டுவேர் கடை ஜாக்கெட்

சாலைப் பணியாளர்கள் அணியும் கையில்லாத மேல்சட்டை. வலைத்துணியில் நூறு ரூபாயைச் சுற்றிக் கிடைக்கும். நல்ல துணி, அகலப் பட்டை என்றால் முந்நூறு, ஐந்நூறு வரை போகும். சட்டைக்கு மேல் மாட்டிக்கொள்ளலாம், யாருக்கும் பொருந்தும், கடையில் உடனே கிடைக்கும்.

பகலுக்கும் அந்திக்கும் இதற்கு வலுவான சான்று டென்மார்க்கிலிருந்து வருகிறது. 6,793 பேரை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மட்டும் பளிச்சிடும் மஞ்சள் சைக்கிள் ஜாக்கெட் கொடுத்து ஓராண்டு கவனித்தார்கள். 2018-ல் வெளியான முடிவின்படி, மற்றவர்களோடு மோதிக் காயமடைந்த விபத்துகள் ஜாக்கெட் அணிந்தவர்களிடம் 47 சதவீதம் குறைவு. விபத்தைத் தாங்களே தெரிவித்தவர்கள் அவர்கள், ஜாக்கெட் அணிந்திருப்பதும் அவர்களுக்குத் தெரியும். ஆகவே எண்ணை அப்படியே தூக்கி டெல்டாவில் வைத்துவிட முடியாது. குளிர் நாட்டில் கோட்டு மாதிரி அணிந்தது அது. ஆனாலும் பலன் உண்டு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. பிரான்சில் ஊர் எல்லைக்கு வெளியே இரவிலோ வெளிச்சம் குறைந்த நேரத்திலோ சைக்கிள் ஓட்டுபவர்களுக்கு இத்தகைய ஜாக்கெட்டை 2008 முதல் கட்டாயமாக்கியிருக்கிறார்கள்.

ஜாக்கெட் போட்டால் வண்டிகள் தள்ளிப் போகும் என்ற நம்பிக்கை வேறு. இங்கிலாந்தில் 2013-ல் வெளியான ஓர் ஆய்வில், எந்த உடை அணிந்தாலும் முந்திச் செல்லும் ஓட்டுநர்கள் விட்ட இடைவெளி ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. போலீஸ் என்று எழுதிய ஜாக்கெட்டுக்கு மட்டும் கொஞ்சம் மரியாதை கிடைத்தது. நம் ஊரில் அதை எழுதிக்கொண்டு போனால் வேறு வகை மரியாதை கிடைக்கும், வேண்டாம்.

மறைவான செலவுகளுக்கு வருவோம். மலிவு ஜாக்கெட்டில் இருக்கும் சாம்பல் பட்டை பல நேரம் வெறும் சாம்பல் துணி. கடையிலேயே சோதிக்கலாம். கைப்பேசியின் டார்ச்சை எரியவிட்டு, அதைக் கன்னத்தோடு ஒட்டிக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடியுங்கள். கடைக்காரரிடம் ஜாக்கெட்டைப் பத்தடி தள்ளி நிழலில் பிடிக்கச் சொல்லுங்கள். உண்மையான பட்டை வெள்ளையாகப் பற்றி எரியும். டார்ச்சைக் கண்ணிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்தால் அந்தப் பளபளப்பு அணைந்துவிடும். ஒளி வந்த வழியே திரும்புகிறது என்பதற்கு அதுவே அடையாளம். எங்கே பிடித்தாலும் ஒரே மாதிரி லேசாக மினுக்கினால் அது சாதாரண வெள்ளிப் பூச்சு. பட்டையின் அகலத்தையும் பாருங்கள். ஐ.எஸ்.ஓ. 20471 என்ற பன்னாட்டுத் தரநிலை குறைந்தது 5 சென்டிமீட்டர் கேட்கிறது. அதன் இரண்டாம் வகுப்புக்கு அரைச் சதுர மீட்டர் ஒளிரும் துணியும் 0.13 சதுர மீட்டர் பட்டையும் இருக்க வேண்டும். ஐ.எஸ். 15809 என்ற இந்தியத் தரநிலையும் உண்டு. இந்த எண் அச்சிட்ட துண்டுச்சீட்டு உள்பக்கம் தைக்கப்பட்டிருந்தால் கூடுதல் விலை கொடுக்கலாம்; எத்தனை துவைப்பு தாங்கும் என்பதையும் பெரும்பாலும் அதிலேயே போட்டிருப்பார்கள்.

அடுத்தது துவைப்பு. நம் வீட்டுத் துவைகல்தான் இந்தப் பட்டைக்கு முதல் எதிரி. நான்கு முறை அடித்துத் துவைத்தால் கண்ணாடி மணிகள் உதிர்ந்து பட்டை வெளிறிய துணியாகிவிடும். பிரஷ், பிளீச்சிங் பவுடர், சூடான இஸ்திரிப் பெட்டி எதுவும் ஆகாது. சோப்புத் தண்ணீரில் அலசி, உள்பக்கம் வெளியே தெரிய நிழலில் உலர்த்த வேண்டும். வெயிலில் காயப் போட்டால் ஃப்ளோரசன்ட் சாயம் வெளுக்கும். தண்ணீரில் நீலம் கலக்கும் பழக்கம் உள்ளவர்கள் இதை அதில் முக்க வேண்டாம்.

இரவில் இதற்கு இன்னொரு குறை உண்டு. அதை அதிகம் பேர் கவனிப்பதில்லை. எதிரே வண்டி வரும்போது ஓட்டுநர் விளக்கைத் தாழ்த்துகிறார். தாழ்த்திய விளக்கு கீழ்நோக்கித்தான் அடிக்கும். தொலைவில் இருக்கும் உங்கள் மார்புக்கும் தோளுக்கும் அதில் சிறு பங்குதான் வரும்; கணுக்காலுக்கும் மட்கார்டுக்கும் கூடுதலாக வரும். ஜாக்கெட்டின் பட்டைகள் இருப்பதோ மேலே.

ஜாக்கெட் வெல்லும் இடம்: முதுகில் பை இல்லை, கேரியரில் சுமை இல்லை, பகலிலும் அந்தியிலும் நெடுஞ்சாலையில் ஓட்டம். இப்படிப்பட்டவருக்கு ஜாக்கெட்தான் முதல் செலவு.

## கணுக்கால் பட்டை

ஜோடி நூறு ரூபாய்க்குள்ளேயே கிடைக்கும் இந்தப் பொருளைத்தான் நான் அதிகம் பரிந்துரைக்கிறேன். விலைக்காக மட்டும் அல்ல.

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் இரவு நேரத்தில், போக்குவரத்தை மூடிய சாலையில் ஓட்டுநர்களை வைத்துச் சோதித்தார்கள். 2012-ல் முடிவு வெளியானது. கருப்பு உடை அணிந்த சைக்கிள்காரரை அடையாளம் கண்டவர்கள் 2 சதவீதம். ஃப்ளோரசன்ட் ஜாக்கெட் மட்டும் என்றால் 15. ஒளி திருப்பும் பட்டை வைத்த ஜாக்கெட் என்றால் 50. அதே ஜாக்கெட்டோடு முழங்காலிலும் கணுக்காலிலும் பட்டை கட்டியபோது 90.

பாதியிலிருந்து தொண்ணூறுக்கு ஏறியதற்குக் காரணம் பளபளப்பு கூடியது மட்டும் அல்ல. சாலையோரம் மினுங்கும் பொருள்கள் எத்தனையோ: மைல்கல், பாலத்துத் தடுப்பு, வேப்பமரத்தில் அடித்த வெள்ளைப் பட்டை, நிறுத்தி வைத்த லாரியின் பின்பக்கம். அசையாத ஒரு பட்டை அவற்றில் ஒன்றாகவே ஓட்டுநர் மனத்தில் பதியும். மாறி மாறி ஏறி இறங்கும் இரண்டு ஒளிப்புள்ளிகளை மிதிக்கும் கால்கள் என்று மூளை யோசிக்காமலே புரிந்துகொள்கிறது. மனிதர் என்று தெரிந்த கணமே ஓட்டுநரின் கால் ஆக்ஸிலேட்டரை விடுகிறது. தாழ்த்திய விளக்கு நேராக விழும் உயரத்தில் கணுக்கால் இருப்பது கூடுதல் லாபம். புல்லுக்கட்டு எவ்வளவு பெரியதானாலும் காலை மறைக்காது.

வேறு சௌகரியங்களும் உண்டு. பேன்ட்டின் கால் செயினில் மாட்டாது. மடித்துக் கட்டிய வேட்டிக்குக் கீழே வெறும் காலிலேயே கட்டலாம். வியர்வை இல்லை, கூச்சம் இல்லை. கழற்றிப் பையில் போட்டுக்கொள்ளலாம். சேலையில்தான் சிக்கல்: கரை தழைந்து பட்டையை மூடிவிடும். சேலை உடுத்தி ஓட்டுகிறவர்கள் பெடல் ரிஃப்ளெக்டரையும் செருப்பின் குதிகாலில் ஒட்டும் ஸ்டிக்கர் துண்டையும் நம்புவது நல்லது.

வெல்க்ரோ பட்டையின் எதிரி சேறு. நடவு முடிந்து வரப்பேறிய காலோடு கட்டினால் வெல்க்ரோவின் கொக்கிகளில் மண்ணும் வைக்கோல் தூசும் அடைந்து சீக்கிரமே பிடிப்பு விடும். பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் கொக்கிகளைத் தேய்த்துச் சுத்தம் செய்யலாம். காலில் தட்டினால் தானே சுருண்டுகொள்ளும் எஃகுப் பட்டை குழந்தைகளுக்குப் பிடிக்கும். வேதாரண்யம், கோடியக்கரைப் பக்கம் உப்புக் காற்றில் உள்ளே இருக்கும் தகடு துருப்பிடித்து ஓரம் கிழியும். எனக்குப் பிடித்தது மூன்றாவது வழி: ஒளி திருப்பும் தையல் பட்டை மீட்டர் கணக்கில் வாங்கி, அகல எலாஸ்டிக்கில் வைத்துத் தைக்கச் சொல்லித் தெருமுனைத் தையற்காரரிடம் கொடுத்துவிடுவது.

ஒரு காலுக்குத்தான் இருக்கிறது என்றால் வலது காலில் கட்டுங்கள். முந்தும் வண்டிகள் அந்தப் பக்கம்தான் வருகின்றன.

பகலில் இதனால் அதிகப் பயன் இல்லை. ஃப்ளோரசன்ட் துணியோடு வருவதை வாங்கினால் ஓரளவு ஈடுகட்டும்.

வெல்லும் இடம்: இருட்டு, கிராமச் சாலை, சுமை, வேட்டி. டெல்டாவின் பாதிச் சைக்கிள் ஓட்டம் இந்த நான்கில் அடங்கிவிடும்.

## ரேடியம் ஸ்டிக்கர்

உடையல்ல, ஆனால் இதைச் சேர்க்காமல் ஒப்பிட்டால் ஏமாற்று வேலை. நம்பர் பிளேட் எழுதும் ஸ்டிக்கர் கடைகளில் வெட்டித் தருவார்கள். சில பத்து ரூபாய்க்கு ஒரு சைக்கிளுக்குப் போதுமான அளவு கிடைக்கும். லாரிகளின் பின்பக்கம் ஒட்டும் தேன்கூட்டுக் கட்ட வகை கிடைத்தால் அதையே கேளுங்கள். விலை கொஞ்சம் கூடுதல். மேற்பரப்பு பிளாஸ்டிக்கால் மூடப்பட்டிருப்பதால் மழையில் நனைந்தாலும் ஒளி திருப்பும், ஈரத்துணியால் துடைத்தால் சேறு போய்விடும். பின்னால் சிவப்பு, முன்னால் வெள்ளை, பக்கவாட்டில் மஞ்சள். நிறத்தை மாற்றி ஒட்டினால் நீங்கள் வருகிறீர்களா போகிறீர்களா என்று ஓட்டுநர் குழம்புவார்.

ஒட்டும் விதத்தில்தான் ஆயுள் இருக்கிறது. மட்கார்டைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, செயின் எண்ணெய்ப் பிசுக்கு போகத் துடைத்து, முழுக்கக் காயவிட வேண்டும். ஸ்டிக்கரின் நான்கு மூலைகளையும் கத்தரியால் வளைவாக நறுக்கிவிடுங்கள். கூர்மூலைதான் முதலில் உரியும். நடுவிலிருந்து ஓரத்துக்குக் கட்டைவிரலால் அழுத்தி, ஒருநாள் தண்ணீர் படாமல் வைத்தால் ஓர் அடைமழைக்காலம் தாங்கும். துருவின் மேல் ஒட்டினால் துருவோடு சேர்ந்து வந்துவிடும்.

எங்கே ஒட்டுவது என்பதற்கு ஒரே விதி: சுமையின் மேல். பால் கேனின் பின்பக்கம், மீன் பெட்டியின் பின்பலகை, புத்தகப் பையின் வெளி ஜேப்பு. தினமும் மாறுகிற புல்லுக்கட்டில் ஸ்டிக்கர் நிற்காது. கட்டும் கயிற்றோடு ஒரு துண்டுப் பட்டையை நிரந்தரமாகத் தைத்துவிட்டால், கட்டின் பின்பக்கத்தில் அது தானாக வந்து நிற்கும்.

பக்கவாட்டை மறந்துவிடாதீர்கள். புது ஆறு என்னும் கல்லணைக் கால்வாயின் கரைச் சாலையிலோ வெண்ணாற்றங்கரையிலோ வந்து, மதகுப் பாலத்தருகே பெரிய சாலையைக் குறுக்கே கடக்கும்போது வண்டிகள் வருவது உங்கள் விலாப்புறத்தில். அங்கே முதுகுப் பட்டைக்கு வேலையே இல்லை. ஸ்போக்கில் மாட்டும் ரிஃப்ளெக்டரும் ஃபோர்க்கில் ஒட்டிய துண்டும்தான் தெரியும்.

வாங்குவதற்கு முன் சைக்கிளைச் சுற்றி ஒருமுறை பாருங்கள். சைக்கிள் ரிஃப்ளெக்டர்களுக்கு மத்திய அரசு 2020-ல் தரக் கட்டுப்பாட்டு ஆணை கொண்டுவந்தது. பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அரசு தரும் சைக்கிள் வீட்டில் இருந்தால், பெடலின் மஞ்சள் ரிஃப்ளெக்டர்கள் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கின்றனவா என்று பாருங்கள். முதலில் உடைவது அவைதான். ஏறி இறங்குவதால் அதிகம் உதவுவதும் அவைதான். சைக்கிள் கடையில் புதுப் பெடல் போடும்போது ரிஃப்ளெக்டர் உள்ளதாகக் கேட்டு வாங்கினால் கால் பட்டையின் பாதிப் பலன் தனிச்செலவில்லாமல் வந்துவிடும்.

## மழைக்கோட்டு

வடகிழக்குப் பருவமழையில் மேலே சொன்ன எல்லாக் கணக்கையும் மழைக்கோட்டு கலைத்துவிடுகிறது. நம் கடைகளில் தொங்குபவை பெரும்பாலும் கருநீலம், கருப்பு, அடர்பச்சை. ஐந்நூறு ரூபாய் ஜாக்கெட்டின் மேல் கருநீலக் கோட்டை மாட்டிக்கொண்டால் ஜாக்கெட் வாங்காததும் ஒன்றுதான். மழை பெய்யும் நேரமே ஓட்டுநரின் பார்வை மிக மோசமாக இருக்கும் நேரம் என்பதையும் சேர்த்து எண்ணுங்கள்.

மஞ்சள் கோட்டு கிடைத்தால் யோசிக்காமல் எடுங்கள். பின்பக்கப் பட்டை வைத்து விற்பதும் உண்டு. துணியில் தைக்கும் கண்ணாடி மணிப் பட்டை நனைந்தால் பலம் குறையும் என்பதால் பட்டையின் அகலம் இங்கே இன்னும் முக்கியம். போன்சோ என்னும் போர்வை வகை கைப்பிடி வரை மூடிக் காற்றில் பறக்கும். இருக்கைக்கு அடியில் மாட்டிய பின்விளக்கையும் மூடிவிடும். விளக்கைக் கேரியரின் கடைசியில் மாற்றிக் கட்டாவிட்டால் போன்சோ வேண்டாம். ஏற்கெனவே கருநீலக் கோட்டு இருக்கிறது, புதிது வாங்க மனமில்லை என்றால், ஜாக்கெட்டைக் கோட்டுக்கு மேல் மாட்டுங்கள். இதற்காகவே ஜாக்கெட்டை ஒரு அளவு பெரியதாக வாங்குங்கள்.

## ஜெர்சி, குறுக்கு பெல்ட்

விளையாட்டுச் சைக்கிள்காரர்களின் ஃப்ளோரசன்ட் ஜெர்சி உடலோடு ஒட்டும், வியர்வை சீக்கிரம் காயும், பகலில் அருமையாகத் தெரியும். எழுநூறிலிருந்து இரண்டாயிரம் வரை ஆகும். ஒளி திருப்பும் பகுதி பெரும்பாலும் விரல் அகலம்தான். விடியுமுன் கிளம்புகிறவர் இதை மட்டும் நம்பக் கூடாது.

மார்பில் குறுக்காகப் போடும் பெல்ட், ஜாக்கெட்டின் வெக்கை இல்லாமல் பட்டையை மட்டும் தருகிறது. வெயில் காலத்து இரவுக்கு நல்ல சமரசம். சுமை இருந்தால் ஜாக்கெட்டுக்குள்ள அதே குறைதான்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | பகல் | அந்தி, கருக்கல் | இரவு | மழை | சுமை ஏற்றினால் | உத்தேச விலை (ரூ.) | மறைவான செலவு |
|---|---|---|---|---|---|---|---|
| ஜாக்கெட் | மிக நன்று | மிக நன்று | பட்டை தரமானால் நன்று | கோட்டின் மேல் அணிந்தால் நன்று | மறையும் | 100–500 | வெக்கை, துவைப்பு, போலிப் பட்டை |
| கால் பட்டை | சுமார் | நன்று | மிக நன்று | நன்று | மறையாது | 60–200 | சேறு, தொலைவது |
| ஸ்டிக்கர் | இல்லை | சுமார் | நன்று | தேன்கூட்டு வகை நன்று | சுமை மேல் ஒட்டினால் மிக நன்று | 30–150 | உரிதல், மறுபடி ஒட்டுதல் |
| மஞ்சள் மழைக்கோட்டு | நன்று | நன்று | பட்டை இருந்தால் நன்று | மிக நன்று | மறையும் | 600–1,500 | பின்விளக்கை மூடும் |
| ஜெர்சி | மிக நன்று | நன்று | சுமாருக்கும் கீழ் | கோட்டுக்குள் மறையும் | மறையும் | 700–2,000 | இரவுக்குத் தனிச்செலவு |
| குறுக்கு பெல்ட் | சுமார் | சுமார் | நன்று | கோட்டின் மேல் அணிந்தால் நன்று | மறையும் | 80–250 | வார் தளர்தல் |

விலைகள் கடைக்குக் கடை மாறும். ஒன்றோடொன்று ஒப்பிட மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அட்டவணையில் இல்லாதது பின்விளக்கு. அது வேறு எவரின் வெளிச்சத்துக்கும் காத்திருப்பதில்லை. அதனால்தான் முதல் நூறு, இருநூறு ரூபாயை அதற்கு ஒதுக்கச் சொன்னேன்.

## யாருக்கு எது

டியூஷன் முடிந்து வரும் மாணவி, மாணவர். ஜாக்கெட்டை வாங்கிக் கொடுத்தால் தெருமுனை வரை போட்டுவிட்டு, பிறகு பைக்குள் திணித்துவிடுவார்கள். சாலைப் பணியாளர் மாதிரி இருக்கிறது என்ற கேலிக்குப் பதினாறு வயது பயப்படத்தான் செய்யும். அதோடு சண்டை போட்டுப் பயனில்லை. பையின் பின்பக்கம் அகலமான ஸ்டிக்கர் அல்லது தைத்த பட்டை, கணுக்காலில் பட்டை, பெடல் ரிஃப்ளெக்டர். இவை மூன்றும் தானாக அவர்களோடு போய்வரும். துப்பட்டாவைப் பின்னால் தொங்கவிட்டால் பைப் பட்டை மறையும், சக்கரத்திலும் மாட்டும். இழுத்துக் கட்டச் சொல்லுங்கள்.

பால்காரர், பேப்பர் போடுபவர், உப்பளத் தொழிலாளர். விடியுமுன் கிளம்பி வெளிச்சத்தில் திரும்புகிறவர்கள். மார்கழி, தை மாதங்களில் பனிமூட்டமும் சேரும். மூட்டத்தில் ஹெட்லைட் சிதறி ஓட்டுநர் கண்ணுக்கே திரும்புவதால் பட்டையும் சற்றுத் தள்ளியே மங்கிவிடும். இவர்களுக்கு எரியும் பின்விளக்கு கட்டாயம். அதோடு கால் பட்டையும் கேனின் பின்பக்க ஸ்டிக்கரும். பேப்பர் போடும் பிள்ளைகளுக்குச் சுமை குறையக் குறைய முதுகு தெரியும் என்பதால் குறுக்கு பெல்ட்டும் உதவும்.

வயல் வேலைக்குப் போய் புல்லோ வைக்கோலோ ஏற்றித் திரும்புகிறவர். கயிற்றில் தைத்த பட்டை, வெறுங்காலில் கால் பட்டை. ஜாக்கெட் வேண்டாம்; வாங்கினாலும் கட்டுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். வெள்ளை வேட்டி போதாதா என்று கேட்பார்கள். கருப்பைவிட மேல்தான், ஆனால் துணி ஒளியை எல்லாத் திசையிலும் சிதறவிடும். ஓட்டுநருக்குத் திரும்புவது கொஞ்சம். நாள் முழுக்கச் சேற்றில் நின்ற வேட்டியாக இருந்தால் அதுவும் இல்லை. அறுவடை நேரத்தில் சாலையில் வைக்கோல் பரப்பிய இடங்களை வண்டிகள் வளைத்துக்கொண்டு வலப்புறம் ஏறி வரும். எதிரே வரும் உங்களை அவர்கள் பார்க்க, முன்பக்கத்துக்கும் ஒரு வெள்ளைத் துண்டு வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை நண்பர்கள். பகல் என்றால் ஜெர்சியோ நூறு ரூபாய் ஜாக்கெட்டோ, தெரிவதில் பெரிய வித்தியாசம் இல்லை. வித்தியாசம் வியர்வையில்தான். ஐந்து மணிக்குக் கிளம்புகிற குழு என்றால் ஜெர்சியோடு கால் பட்டையும் சேர வேண்டும்.

வேளாங்கண்ணிக்குச் சைக்கிளில் போகும் குழு. ஆகஸ்ட் 29-ல் கொடியேறி செப்டம்பர் 8-ல் முடியும் திருவிழாவுக்கு வரும் கூட்டத்தில் காவி உடையே அதிகம். பகலில் எடுப்பாகத் தெரியும் சாதாரண காவி இருட்டில் மண் நிறமாகிவிடும். எல்லாருக்கும் ஜாக்கெட் வாங்கக் காசு இல்லையென்றால், இரண்டு தரமான ஜாக்கெட்டுகள் போதும். கடைசியில் வருபவருக்கு ஒன்று, முன்னால் போகிறவருக்கு ஒன்று. நடுவில் உள்ளவர்களுக்குக் கால் பட்டை. கடைசியில் வருபவர் சோர்ந்தால் ஆளை மாற்றும்போது ஜாக்கெட்டையும் விளக்கையும் சேர்த்து மாற்ற வேண்டும்.